ஓடிபி சொல்லப் பழகிவிட்ட விவசாயி: சாவி இப்போது யார் கையில்?

2025 நவம்பர் 19ஆம் தேதி கோவை கொடிசியா வளாகத்தில் நடந்த தென்னிந்திய இயற்கை வேளாண் மாநாட்டில், பி.எம்.கிசான் திட்டத்தின் 21ஆவது தவணையைப் பிரதமர் விடுவித்தார். நாடு முழுவதும் சுமார் 9 கோடி விவசாயிகளுக்கு 18,000 கோடி ரூபாய். ஆளுக்கு 2,000 ரூபாய்தான் என்றாலும், "கணக்குல ஏறிடுச்சுங்களா?" என்று தோட்டத்துக்குத் தோட்டம் போனை எடுத்துப் பார்க்கும் நாள் அது. அப்படி எல்லோரும் போனைப் பார்க்கும் நாளைத்தான் மோசடிக்காரர்களும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

பி.எம்.கிசான் பெயரில் வாட்ஸ்ஆப்பில் சுற்றிய போலிச் செயலி பற்றித் தமிழ்நாடு காவல் துறையின் சைபர் குற்றப் பிரிவு 2024ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. அது வேலை செய்யும் விதம் எளிது. "உங்கள் தவணை நிறுத்தப்பட்டுள்ளது, சரிபார்க்க இதைத் தட்டவும்" என்று ஒரு கோப்பு வரும். அதன் பெயர் ஏபிகே என்று முடியும். தட்டினால் போனில் ஒரு செயலி ஏறிக்கொள்ளும். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். நாமும் 'சரி' என்று தட்டிவிடுவோம். அதோடு வங்கியில் இருந்து வரும் ஒவ்வொரு ஓடிபியும் உங்களுக்கு வரும்போதே இன்னொருவனுக்கும் போகும். நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் பணம் போகும்.

இதில் மோசமான அம்சம் ஒன்று உண்டு. இத்தகைய செயலிகளால் உங்கள் போனில் இருந்தே உங்கள் வாட்ஸ்ஆப் குழுக்களுக்கும் அதே கோப்பை அனுப்ப முடிகிறது. அதனால் அது முகம் தெரியாதவனிடம் இருந்து வருவதில்லை. பால் சங்கக் குழுவில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பெயரில், அல்லது வேளாண் அலுவலர் சேர்த்துவிட்ட குழுவில் வருகிறது. தெரிந்தவர் அனுப்பியது என்று நம்பித் தட்டுகிறோம். அரசுச் செயலி எதுவும் வாட்ஸ்ஆப்பில் கோப்பாக வராது. உழவன் செயலியானாலும் பி.எம்.கிசான் செயலியானாலும் பிளே ஸ்டோரில்தான் கிடைக்கும். பில் இல்லாமல் வண்டியில் கொண்டுவந்து இறக்கும் உர மூட்டையை வாங்க மாட்டீர்கள் அல்லவா, அதே கணக்குதான்.

தட்டிவிட்டால் என்ன செய்வது? முதலில் போனின் இணையத்தை நிறுத்துங்கள். விமானக் குறி உள்ள பொத்தானைத் தட்டினால் போதும். அடுத்து, வீட்டில் உள்ள வேறொரு போனில் இருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். கெட்டுப்போன போனிலேயே பாஸ்வேர்டை மாற்ற உட்காராதீர்கள். புதிய பாஸ்வேர்டும் அவன் கைக்கே போகும். பிறகு தெரிந்த கடையில் கொடுத்து போனை முழுமையாக அழித்து மறுபடி அமைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் சொன்னாலும், இந்தப் போலிச் செயலி நோயின் ஒரு அறிகுறிதான். தமிழ்நாட்டு வேளாண்மையில் நடந்த பெரிய இணைய மோசடிக்கு எந்தப் போலிச் செயலியும் தேவைப்படவில்லை. பாஸ்வேர்டு ஒன்று கைமாறியதே போதுமானதாக இருந்தது.

2020இல் நடந்தது

கொரோனா காலத்தில் பி.எம்.கிசான் பதிவு இணையவழியில் எளிதாக்கப்பட்டது. விண்ணப்பம் இணையத்தில் வரும். வேளாண் துறையின் கீழ்நிலை அலுவலகத்தில் ஒப்புதல் தரப்படும். அந்த ஒப்புதலுக்கான பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இடைத்தரகர்கள், தனியார் கம்ப்யூட்டர் மையங்கள் கைக்குப் போயின. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் தொடங்கி சேலம் வரை, நிலமே இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் விவசாயிகளாகப் பதிவானார்கள். கொரோனா நிவாரணப் பணம் என்று சொல்லி ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் வாங்கிப் போனதாக அப்போது செய்திகள் வந்தன.

2020 செப்டம்பரில் அன்றைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி விவரங்களை வெளியிட்டார். முறைகேடாகப் போன தொகை சுமார் 110 கோடி ரூபாய். அதில் 32 கோடி அப்போதே மீட்கப்பட்டிருந்தது. 80 பேர் பணிநீக்கம், 34 பேர் பணியிடை நீக்கம், இடைத்தரகர்கள் 18 பேர் கைது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. தகுதியற்றவர்களாகக் கண்டறியப்பட்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

இதில் கவனிக்க வேண்டியது, இணையதளத்தை யாரும் உடைக்கவில்லை என்பது. முன்வாசல் சாவியைப் போட்டே திறந்து உள்ளே போனார்கள். பிறகு கணக்குகள் முடக்கப்பட்டன. 'நிவாரணம்' என்று நம்பி வாங்கியவர்களிடம் பணம் திருப்பிக் கேட்கப்பட்டது. தரகருக்குக் கமிஷன் கொடுத்தவர்கள் அதையும் இழந்தார்கள்.

அலுவலர்கள் எல்லோரும் திருடர்கள் என்று சொல்வதற்கில்லை. ஒரு வட்டாரத்தில் எத்தனை திட்டம், எத்தனை இணையதளம், எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கும் உதவி வேளாண் அலுவலர்களுக்குத் தெரியும். "கடைசி நாள், இன்னும் 300 பதிவு பாக்கி" என்று மேலிருந்து போன் வரும்போது, பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையனிடம் பாஸ்வேர்டைக் கொடுத்து ஏற்றச் சொல்லும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பையன் செய்யும் ஒவ்வொரு ஒப்புதலும் உங்கள் பெயரில்தான் பதிவாகும். விசாரணை வரும்போது "நான் செய்யவில்லை" என்பதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. இடமாறுதலில் போகும்போது பழைய பாஸ்வேர்டை அப்படியே அடுத்தவரிடம் ஒப்படைப்பதும் இதே வகைதான். போகும் அன்றே மாற்றிவிட்டுப் போங்கள். கூடுதல் ஆளுக்கு அனுமதி வேண்டுமென்றால் அவர் பெயரில் தனியாகக் கேட்டு வாங்குங்கள். தாமதமானால் தாமதத்தை எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

யார் பழக்கியது?

"ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வங்கி சொல்கிறது, காவல் துறை சொல்கிறது. கொஞ்ச நாள் முன்பு வரை போன் போட்டாலே அந்த எச்சரிக்கைதான் முதலில் கேட்டது. அதே விவசாயி முகாமுக்குப் போனால், "அண்ணா, ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க, சொல்லுங்க" என்கிறார்கள். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவு 2025இல் தமிழ்நாட்டில் தொடங்கியபோது ஊர் ஊராக முகாம் போட்டார்கள். அங்கும் ஆதார் சரிபார்ப்பும் ஓடிபியும்தான். உரக்கடையில் 2018 முதல் மானிய உரம் வாங்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும். பயிர்க் காப்பீடு, சொட்டுநீர்ப் பாசன மானியம், இ-சேவை மையத்தில் சான்றிதழ் என்று எதற்குப் போனாலும் எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வருடம் முழுக்க இருபது முறை சொல்லப் பழக்கிவிட்டு, இருபத்தோராவது முறை சொன்னதற்கு "நீங்கள் ஏன் சொன்னீர்கள்?" என்று விவசாயியைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

எனவே 'யாரிடமும் சொல்லாதே' என்பதைவிட நடைமுறைக்கு உதவுகிற ஒரு வழி வேண்டும். ஓடிபி குறுஞ்செய்தியில் எண் மட்டும் இருப்பதில்லை. யார் அனுப்பியது, எதற்கு என்பதும் பெரும்பாலும் இருக்கும். அதைப் படிக்க வேண்டும், அல்லது படிக்கத் தெரிந்தவரைப் படிக்கச் சொல்ல வேண்டும். ஆதார் சரிபார்ப்புக்கு வந்த எண்ணா, வங்கியில் இருந்து பணம் எடுக்க வந்த எண்ணா என்று பாருங்கள். செய்தியில் ரூபாய்க் குறியோ வங்கிப் பெயரோ இருந்தால், எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் சொல்லக் கூடாது. இன்னொன்று, நீங்களாக ஒரு அலுவலகத்துக்குப் போய், ஒரு வேலைக்காக உட்கார்ந்திருக்கும்போது கேட்பது வேறு; அவர்களாகப் போன் போட்டுக் கேட்பது வேறு. போனில் கேட்டால், அது உண்மையான அலுவலரே ஆனாலும், "நேரில் வர்றேனுங்க" என்று வைத்துவிடுங்கள். உண்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முகாம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விவசாயியின் போனை வாங்கி நீங்களே எண்ணைப் பார்த்து அடிக்காதீர்கள். வரிசை நீளம்தான், நேரம் ஆகும்தான். ஆனாலும் "ஆதார்ல இருந்து வந்திருக்குது, இது பதிவுக்கு மட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கேளுங்கள். எந்த ஓடிபி எதற்கு என்று விவசாயிக்குத் தெரிய வேறு வகுப்பு எதுவும் நடக்கப் போவதில்லை.

போன் எண் விஷயத்தையும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அப்பாவின் வங்கிக் கணக்கில் இருப்பது சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் மகனின் பழைய எண். சில வீடுகளில், கணக்குத் தொடங்கும்போது உதவிய தரகரின் எண்ணே இருக்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறு ஒருவருக்குப் புதிய சிம்மாகப் போகிறது. அப்போது உங்கள் ஓடிபி எங்கோ முகம் தெரியாதவர் போனில் மணி அடிக்கும். அடுத்த முறை வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போகும்போது, "என் கணக்குல எந்த நம்பர் இருக்குதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

விற்கும்போதும் வாங்கும்போதும்

மஞ்சள், கொப்பரை, முட்டை, கறிக்கோழி, நாட்டுச் சர்க்கரை என்று நம் பகுதியில் விவசாயியே வியாபாரி. காங்கயம் பக்கம் எண்ணெய் மில் வைத்திருப்பவரும், பல்லடம் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருப்பவரும், பொள்ளாச்சியில் தென்னை நாற்று விற்பவரும் போனிலேயே பாதி வியாபாரத்தை முடிக்கிறார்கள். அவர்களைக் குறிவைக்கும் முறைகள் கொஞ்சம் வேறு.

ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, அடையாள அட்டைப் படத்தையும் அனுப்பி, "முகாமுக்கு 200 நாற்று வேண்டும், பேரம் வேண்டாம், பணம் இப்பவே போடுறேன்" என்று ஒருவன் பேசுவான். பிறகு ஒரு க்யூஆர் கோடு வரும். "இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் ஏறிடும்." பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் போடவே தேவையில்லை, பின் போட்டால் பணம் போகும், வராது. பேரம் பேசாத வியாபாரியை நம் சந்தையில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். டிராக்டர், கறவை மாடு ஆகியவற்றை முகநூலில் பாதி விலைக்குக் காட்டி முன்பணம் கேட்பதும் இதே ஆட்டம்தான்.

பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிச் சரக்கை ஏற்றிப் போவது இன்னொரு வகை. படத்தைத் திருத்துவது இரண்டு நிமிட வேலை. வங்கியில் இருந்து வந்ததாகத் தோன்றும் குறுஞ்செய்தியும் போதாது. கணக்கில் இருப்புத் தொகையைத் திறந்து பார்த்த பிறகு லாரிக்குத் தார்ப்பாய் கட்டச் சொல்லுங்கள்.

பெரிய தொகை போவது, கணக்கு எண் மாறும் இடத்தில். வருடக்கணக்காகத் தீவனமோ விதையோ எந்திரமோ வாங்கும் நிறுவனத்தில் இருந்து மின்னஞ்சல் வரும்: "தணிக்கை காரணமாக எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது, இந்த முறை இதில் செலுத்தவும்." பெயர், முத்திரை, பழைய பில் எண் எல்லாம் சரியாக இருக்கும். ஏனென்றால் இரண்டில் ஒருவரது மின்னஞ்சலை அவன் பல வாரமாகப் படித்துக்கொண்டிருந்திருப்பான். வெளிநாட்டு ஆர்டர் எடுப்பவர்களுக்கு இது பழைய கதை; இப்போது உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மொத்தமாகப் பணம் அனுப்புவதால் அவர்களும் இந்த வளையத்துக்குள் வருகிறார்கள். கணக்கு எண் மாறியதாக வந்தால், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணில், குரல் தெரிந்த ஆளிடம் பேசி உறுதி செய்த பிறகே அனுப்புங்கள்.

உற்பத்தியாளர் நிறுவனங்களில் தலைவர், முதன்மைச் செயல் அலுவலர், கணக்கர் மூவருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் நிறுவனத்தின் பெயரோடு 123 என்று இருப்பது சாதாரணம். பணம் அனுப்பும் வங்கிக் கணக்கில், ஒருவர் பதிவிட இன்னொருவர் ஒப்புதல் தரும் ஏற்பாட்டை வங்கியிலேயே கேட்டு வாங்கலாம். காசோலையில் இரண்டு கையெழுத்துக் கேட்ட நம் பெரியவர்கள் இதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கணக்கர் வேலையை விட்டுப் போனால் அன்று மாலையே பாஸ்வேர்டு மாற வேண்டும். அவர் நல்லவரா என்பது இங்கே கேள்வியே இல்லை.

தனி விவசாயிக்கு ஒரு யோசனை. யுபிஐக்கு என்று சிறிய கணக்கு ஒன்று வைத்துக்கொண்டு, அதில் சில ஆயிரம் மட்டும் இருக்கட்டும். மஞ்சள் விற்ற பணமும் கொப்பரை ஏலப் பணமும் போய் விழும் கணக்கை எந்தச் செயலியிலும் இணைக்க வேண்டாம். மோசடி நடந்தாலும் போவது சில்லறையாகவே இருக்கும்.

பத்திரத்தில் உள்ள ரேகை

நிலம் உள்ளவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது கைரேகை. கிரயப் பத்திரத்தில் நம் விரல் ரேகை இருக்கிறது. 2018இல் தெலங்கானாவில், இணையத்தில் இருந்த பத்திரப் பதிவு நகல்களில் இருந்து ரேகையை எடுத்து, ரப்பரில் அச்சு வார்த்து, சிம் கார்டுகளை இயக்க ஒருவர் பயன்படுத்தியது தெரியவந்தது. 2023இல் பெங்களூருவில், பத்திரங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து, ஆதார் மூலம் பணம் எடுக்கும் எந்திரத்தில் வைத்துப் பலரது கணக்கைக் காலி செய்தார்கள். இதற்கு ஓடிபி தேவையில்லை. போனே இல்லாதவர் கணக்கில் இருந்தும் எடுக்க முடியும்.

இதற்குத் தடுப்பு உண்டு. ஆதார் இணையதளத்திலோ எம்ஆதார் செயலியிலோ உங்கள் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். விவரம் கேட்க 1947. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. பூட்டிவிட்டால் ரேஷன் கடையிலும் உரக்கடையிலும் ரேகை ஏற்காது. போகும் முன் தற்காலிகமாகத் திறக்க வேண்டும். வீட்டில் போன் கையாளத் தெரிந்த ஆள் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இல்லையென்றால், ஆதார் மூலம் பணம் எடுக்கும் வசதி தேவையில்லை என்று வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

மில், பண்ணை நடத்துவோருக்கு இன்னும் ஒரு வரி. 2021இல் உலகின் மிகப் பெரிய இறைச்சி நிறுவனமான ஜேபிஎஸ், கணினிகள் பூட்டப்பட்டதால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆலைகளை நிறுத்தி, 1 கோடியே 10 லட்சம் டாலர் கப்பம் கட்டியது. உங்கள் டேலி கணக்குக்கு அவ்வளவு கேட்க மாட்டார்கள். ஆனால் யாரிடம் எத்தனை பாக்கி என்பது அந்த ஒரே கணினியில்தான் இருக்கிறது என்றால், வாரம் ஒரு முறை தனி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, கழற்றி, வீட்டு பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம். 2024இல் நாடு முழுவதும் இணைய மோசடியில் போனது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு சுமார் 1,673 கோடி. அதில் 771 கோடியைக் காவல் துறை வழியிலேயே முடக்கியது; ஆனால் உரியவர் கைக்குத் திரும்பியது 83 கோடி மட்டும். முடக்கிய பணம் திரும்ப வர நாளாகிறது. முடக்கப்படாத பணமோ, கணக்கு கணக்காக மாறி ரொக்கமாகிவிடுகிறது. இடையில் வரும் அந்தக் கணக்குகளில் பல, கமிஷனுக்கு ஆசைப்பட்டு வாடகைக்கு விடப்பட்டவை. உங்கள் ஊர்ப் பையனிடம் யாராவது "கணக்கு மட்டும் கொடு, மாசம் 5,000" என்று கேட்டால், வழக்கில் முதல் பெயர் அவனுடையதாக இருக்கும் என்று சொல்லிவையுங்கள்.

1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். எந்தக் கணக்கில் இருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது, குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். வங்கிக்கும் தனியாகப் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் தேதிச் சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் நபரால் நடந்த மோசடியை, வங்கித் தகவல் வந்து 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையதல்ல. நீங்களே ஓடிபி சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் நேரம் வரை போனது உங்கள் தலையில். அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே புகார் கொடுத்த தேதியும் மணியும் எழுத்தில் இருக்க வேண்டும். கிளையில் "நாளைக்கு வாங்க" என்றால், புகார்க் கடிதத்தின் நகலில் முத்திரையும் நேரமும் போட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். காவல் துறைக்குப் போக வேண்டுமென்றால் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் என ஒவ்வொரு மாவட்டத்திலும் தனி சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது.